பந்தைப் பத்து வயதில் கொடுங்கள்!

காலாப்பட்டில் மாலை நேரம். வெயில் தணிந்துவிட்டது. கடலுக்குப் போய் வந்த படகுகள் மணலில் ஏறிக் கிடக்கின்றன. படகுகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள்.

சற்றுத் தள்ளி ஒரு சிறுமி நிற்கிறாள். பத்து வயது இருக்கும். இடுப்பில் தம்பி. பந்து உருண்டு வந்து அவள் காலடியில் நிற்கிறது. "பந்தைப் போடு!" என்று பையன்கள் கத்துகிறார்கள். அவள் தம்பியைக் கீழே இறக்கி விடுகிறாள். பந்தை எடுக்கிறாள். ஒரே வீச்சு! பந்து முப்பது அடி பறந்துபோய், கேட்டவன் கையிலேயே விழுகிறது.

அவ்வளவுதான். தம்பியைத் தூக்கி மறுபடியும் இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஆட்டம் தொடர்கிறது. அவளை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

இது காலாப்பட்டில் மட்டும் காணும் காட்சி அல்ல. பழவேற்காடு முதல் கன்னியாகுமரி வரை எந்தக் கடற்கரைக் குப்பத்துக்குப் போனாலும் இப்படி ஒரு சிறுமியைப் பார்க்கலாம்.

குறி தவறாத அந்தக் கைக்கு ஏற்ற ஆட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஹேண்ட்பால். அதில் பெண்கள் உலகச் சாம்பியன் பட்டம் பெறுகிறார்கள். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்குகிறார்கள். இந்தியாவுக்கும் அதில் ஒரு பெண்கள் கோஷ்டி உண்டு. அந்தக் கோஷ்டி பெரிய நாடுகளுடன் மோதிக்கொண்டிருக்கிறது.

அந்த மோதலில் என்ன நடந்தது? அதற்கும் காலாப்பட்டுச் சிறுமிக்கும் என்ன சம்பந்தம்?

13-க்கு 41

2023-ம் ஆண்டு. சீனாவில் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. 2022-ல் நடக்கவேண்டிய விழா அது. கொரோனா நோயினால் ஓர் ஆண்டு தள்ளிப்போனது.

பெண்கள் ஹேண்ட்பால் பந்தயத்தில் இந்தியா ஜப்பானை எதிர்த்து ஆடியது. ஆட்டம் முடிந்தபோது ஜப்பான் 41 கோல். இந்தியா 13 கோல்.

இந்தக் கணக்கைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். "இதற்காகவா இவ்வளவு தூரம் போனார்கள்?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அதே ஜப்பான் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவைச் சந்தித்தது. தென்கொரியா ஒலிம்பிக்கில் இரண்டு தடவை தங்கம் வாங்கிய நாடு. அதையே ஜப்பான் 29-க்கு 19 என்று பத்துக் கோல் வித்தியாசத்தில் தோற்கடித்துத் தங்கம் வாங்கியது. அத்தகைய கோஷ்டியிடம்தான் நம் பெண்கள் தோற்றார்கள்.

மற்ற ஆட்டங்களையும் பார்க்கவேண்டும். சீனா, சொந்த நாட்டு ஜனங்களின் ஆரவாரத்துக்கு நடுவே ஆடியது. அந்தச் சீனாவுக்கு எதிராக இந்தியா 30 கோல் போட்டது. சீனா 37 போட்டு ஜெயித்தது. ஹாங்காங்குடன் 26-க்கு 26 என்று சமமாக முடிந்தது. நேபாளத்தை இந்தியா 44-க்கு 19 என்று வென்றது.

அரை இறுதிக்குப் போக முடியவில்லை. ஆனாலும், இந்தியப் பெண்களுக்குக் கோல் போடத் தெரியும். ஓடத் தெரியும். போராடத் தெரியும். அப்படியானால் ஜப்பானுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் 28 கோல் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அதைத் தெரிந்துகொள்ள முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ன ஆட்டம் இது?

வலைக்கு மேலே பந்தைத் தட்டி ஆடும் வாலிபாலை நம் ஊரில் கைப்பந்து என்கிறோம். ஹேண்ட்பால் வேறு ஆட்டம். கால்பந்தைக் கையால் ஆடினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

மைதானத்தின் நீளம் 40 மீட்டர். அகலம் 20 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் ஏழு பேர். அதில் ஒருவர் கோல் கீப்பர். கோல் கம்பத்தின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். ஆட்டம் மொத்தம் ஒரு மணி நேரம். முப்பது நிமிஷம் ஆடி, சற்று ஓய்வு எடுத்து, மறுபடியும் முப்பது நிமிஷம் ஆட வேண்டும்.

பெண்கள் ஆடும் பந்து உரித்த தேங்காயை விடப் பெரியது. கால்பந்தை விடச் சிறியது. ஒரு கையால் பற்றிக்கொள்ளலாம். எடை ஏறக்குறைய 350 கிராம்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று எட்டுத்தான் நடக்கலாம். மூன்று வினாடிக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. தரையில் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். இல்லாவிட்டால் இன்னொருவருக்கு வீச வேண்டும். அல்லது கோலுக்கு எறிய வேண்டும்.

கோல் கம்பத்துக்கு முன்னால் 6 மீட்டர் தூரத்தில் வளைவாக ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு உள்ளே கோல் கீப்பர் மட்டும்தான் நிற்கலாம். ஆகவே கோல் போடுகிறவள் கோட்டுக்கு வெளியே காலை ஊன்றி எம்பிக் குதிக்கிறாள். அந்தரத்தில் இருக்கும்போதே பந்தை வீசுகிறாள். கால் தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். பார்ப்பதற்குப் பருந்து பாய்வதுபோல் இருக்கும்!

முரட்டுத்தனமாக ஆடினால் நடுவர் இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைப்பார். அந்த இரண்டு நிமிஷமும் அவளுடைய கோஷ்டி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும்.

ஓட்டம், தாவல், வீச்சு, பிடி ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்த ஆட்டம் இது. இதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்றாவது எட்டில் எம்ப வேண்டும் என்பது காலுக்கே தெரிய வேண்டும். யோசித்துச் செய்ய நேரம் இல்லை. சைக்கிள் ஓட்டுவதைப்போல, நீச்சலைப்போல, உடம்பில் ஊறிப்போக வேண்டும். நீச்சலை எந்த வயதில் கற்றால் உடம்பில் ஊறும்? காலாப்பட்டு மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெண்களுக்காகப் பிறந்த ஆட்டம்

பெண்களுக்கு இது சரிப்படுமா என்று கேட்பவர்கள் ஒரு சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1917-ம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் மாக்ஸ் ஹைசர் என்பவர் இந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதினார். யாருக்காக? பெண்களுக்காக! இரண்டு ஆண்டு கழித்துக் கார்ல் ஷெலன்ஸ் என்பவர் விதிகளை மாற்றி, ஆண்களும் ஆடும்படி செய்தார். அதாவது, பெண்களிடமிருந்து ஆண்கள் கற்றுக்கொண்ட ஆட்டம் இது.

உள்ளரங்கில் ஆடும் பெண்கள் ஹேண்ட்பாலுக்கான முதல் உலகப் போட்டி 1957-ல் யூகோஸ்லாவியாவில் நடந்தது. 1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஹேண்ட்பால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஆசிய விளையாட்டு விழாவில் 1990-ல் சேர்ந்தது.

இந்தியாவுக்கு ஹேண்ட்பால் தாமதமாகத்தான் வந்தது. 1972-ல்தான் இங்கே இதற்கென்று ஒரு சம்மேளனம் ஏற்பட்டது. அதே ஆண்டில் அரியானாவில் ரோதக் நகரில் முதல் தேசியப் போட்டி நடந்தது. வடக்கே பல ஊர்களில் இந்த ஆட்டம் வேர்விட்டது. தெற்கே இன்னும் பலர் இதன் பெயரையே கேட்டதில்லை.

கொரியாவின் பாடம்

ஐரோப்பாவில் பிறந்த ஆட்டத்தில் ஆசியப் பெண்கள் ஜெயிக்க முடியுமா? உயரமும் எடையும் வேண்டாமா? இந்தக் கேள்விக்குத் தென்கொரியா என்றைக்கோ பதில் சொல்லிவிட்டது.

1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கொரியப் பெண்கள் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்கள். 1988-ல் சொந்த ஊரான சியோலில் தங்கம் வாங்கினார்கள். 1992-ல் பார்சிலோனாவில் மறுபடியும் தங்கம்! தங்களை விட உயரமான ஐரோப்பியப் பெண்களை வேகத்தால் வென்றார்கள்.

2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். டென்மார்க்கும் கொரியாவும் மோதின. நேரம் முடிந்தும் சமம். கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அப்போதும் சமம். இன்னொரு முறை கூடுதல் நேரம் கொடுத்தார்கள். 34-க்கு 34! கடைசியில் தனித்தனியாகப் பந்து எறியவைத்து வெற்றியை நிர்ணயித்தார்கள். டென்மார்க் ஜெயித்தது. ஆனாலும் கொரியா மக்கள் அந்தத் தோல்வியை மறக்கவில்லை. 2008-ல் அதைச் சினிமாப் படமாக எடுத்து, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

இன்னொரு விஷயம். அந்தக் கொரியக் கோஷ்டியில் குழந்தை பெற்ற தாய்மார்களும் இருந்தார்கள். கல்யாணத்தோடு ஆட்டம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரான்ஸ் விட்டுச் செல்லாதது

புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரான்ஸ் தேசம் அந்நியம் அல்ல. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை விட்டுப் போனது. பழக்கங்கள் சில தங்கிவிட்டன. இரும்புக் குண்டை உருட்டி ஆடும் பெத்தாங்க் ஆட்டத்தைப் புதுச்சேரியில் இன்றும் ஆடுகிறார்கள். இங்கே பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு.

அந்தப் பிரான்சில் இன்று ஹேண்ட்பால் பள்ளிக்கூடங்களில் கற்றுக்கொடுக்கப்படுகிறது. பையன்களும் பெண்களும் சின்ன வயதிலேயே பந்தைப் பிடிக்கிறார்கள். பலன் என்ன? பிரெஞ்சுப் பெண்கள் 2003, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியன் ஆனார்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்கள். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நார்வேயிடம் இறுதி ஆட்டத்தில் தோற்று வெள்ளி வாங்கினார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் பெத்தாங்க் குண்டை விட்டுச் சென்றார்கள். ஹேண்ட்பாலை விட்டுச் செல்லவில்லை. அதனால் என்ன? ஆட்டத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. வேண்டுமென்றால் நாமே வரவழைத்துக்கொள்ளலாம்.

அல்மாட்டியில் ஒரு வெற்றி

இனி இந்தியாவின் கதைக்குத் திரும்பலாம். ஹாங்சோவுக்கு ஒன்றரை ஆண்டு முன்னால், 2022 மார்ச் மாதம், கஜகஸ்தான் நாட்டில் அல்மாட்டி நகரில் ஆசிய ஜூனியர் பெண்கள் போட்டி நடந்தது. அதில் இந்தியப் பெண்கள் சாம்பியன் பட்டம் வென்றார்கள்! தாய்லாந்தை 41-க்கு 18 என்று தோற்கடித்தார்கள். ஆசிய ஜூனியர் பட்டம் இந்தியாவுக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்த ஆண்டே சுலோவேனியாவில் நடந்த உலக ஜூனியர் போட்டிக்கும் இந்தியா போனது.

பெரியவர்கள் 41 வாங்கினார்கள். சிறியவர்கள் 41 கொடுத்தார்கள்! எதிரிகள் வேறு வேறு என்பது உண்மைதான். ஆனாலும் இந்தியப் பெண்களாலும் பட்டம் வெல்ல முடியும் என்பது அல்மாட்டியில் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்? அவர்களில் பலர் இமாசலப் பிரதேசத்துப் பெண்கள். அங்கே பிலாஸ்பூர் மாவட்டத்தில் மோர்சிங்கி என்று ஒரு கிராமம் இருக்கிறது. மலைச்சரிவில் உள்ள சின்னக் கிராமம். ஸ்நேகலதா என்ற முன்னாள் ஹேண்ட்பால் வீராங்கனையும் அவர் கணவர் சச்சின் சௌத்ரியும் சொந்த முயற்சியில் அங்கே ஒரு பயிற்சி நிலையம் நடத்தினார்கள். சுற்று வட்டாரத்துச் சிறுமிகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார்கள். அந்தச் சிறுமிகளில் பலர் பிற்பாடு இந்தியாவுக்காக ஆடினார்கள்.

அந்தப் பயிற்சி நிலையத்துக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஹேண்ட்பால் நர்சரி. நர்சரி என்றால் நாற்றங்கால். எவ்வளவு பொருத்தமான பெயர்!

நாற்று விட்டுப் பயிர் செய்கிறவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நாற்றைக் காலத்தில் பறித்து நட வேண்டும். முற்றிப்போன நாற்றை நட்டால் தூர் கட்டாது. எவ்வளவு உரம் போட்டாலும் விளைச்சல் பாதிதான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெரியவர்கள் கேட்டதும் இதைத்தான்.

டில்லியில் ஓர் ஏற்றம்

2024-ம் ஆண்டு டிசம்பரில் ஆசியப் பெண்கள் ஹேண்ட்பால் போட்டி டில்லிக்கு வந்தது. இந்திரா காந்தி உள்விளையாட்டு அரங்கத்தில் எட்டு நாடுகள் ஆடின. இந்தியா முதல் ஆட்டத்திலேயே ஹாங்காங்கை 31-க்கு 28 என்று வென்றது.

எந்த ஹாங்காங்? ஹாங்சோவில் 26-க்கு 26 என்று சமமாக நின்ற அதே ஹாங்காங்! ஓர் ஆண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் சமநிலை வெற்றியாக மாறிவிட்டது.

இந்தியாவுக்குக் கிடைத்தது ஆறாவது இடம். பட்டத்தை ஜப்பான் கொண்டுபோனது. இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 25-க்கு 24 என்று ஒரே கோலில் ஜெயித்தது.

ஆறாவது இடம் பெரிய இடம் அல்ல. ஆனாலும் படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஏறுகிறவர்களைக் கீழே நின்று கேலி செய்வதை விட, கைகொடுத்து மேலே தள்ளுவது நல்லது. எப்படித் தள்ளுவது?

பதினான்கு வயதில் மூடும் கதவு

வீராங்கனைகள் டில்லியில் முளைப்பதில்லை. அவர்கள் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் முளைக்கிறார்கள். டில்லிக்குப் போவது விளைந்த கதிர்தான்.

நம் ஊர்களில் என்ன நடக்கிறது? பையன் நடக்கக் கற்றதும் பந்து வாங்கிக் கொடுக்கிறோம். பெண்ணுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்கிறோம். அப்படியும் சில சிறுமிகள் பள்ளிக்கூடத்தில் ஓடி ஆடிக் கற்றுக்கொள்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை ஆடுகிறார்கள். பிறகு பெண் வயதுக்கு வருகிறாள். பந்தல் போடுகிறோம். மஞ்சள் நீராட்டு நடத்துகிறோம். சீர் வரிசை வைக்கிறோம். அன்றோடு மைதானத்தின் கதவைச் சாத்திவிடுகிறோம்!

"பெரிய பெண் ஆகிவிட்டாள். இனி என்ன ஆட்டம்?" என்கிறாள் பாட்டி. தாய்க்கும் பயம். தகப்பனுக்கும் தயக்கம். ஜப்பானிலும் பிரான்சிலும் ஒரு பெண் ஆட்டத்தில் வேகம் பிடிக்கிற வயது அது. அதே வயதில் இங்கே ஆட்டம் நின்றுபோகிறது.

ஒரு பெண் பத்து வயதில் ஆரம்பித்து இருபத்திரண்டு வயது வரை விடாமல் ஆடினால் பன்னிரண்டு ஆண்டுப் பயிற்சி ஆகிறது. இன்னொரு பெண் கல்லூரிக்கு வந்த பிறகு பதினெட்டு வயதில் பந்தைத் தொட்டால் நான்கே ஆண்டுப் பயிற்சி. இருவரையும் எதிரும் புதிருமாக நிறுத்தினால் யார் ஜெயிப்பார்? அந்த 28 கோல் வித்தியாசத்தில் பெரும் பகுதி இந்த எட்டு ஆண்டுகளில்தான் இருக்கிறது.

பெற்றோரின் பயத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அதில் நியாயம் உண்டு. இருட்டிய பிறகு பெண் எப்படித் தனியாக வீடு திரும்புவாள்? சொல்லிக்கொடுப்பவர் யார்? உடை மாற்ற ஓர் அறை உண்டா? தண்ணீரோடு ஒரு கழிப்பறை உண்டா? பெண் ஆசிரியை இருப்பாரா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல், "பெண்ணை ஆட விடுங்கள்" என்று உபதேசம் மட்டும் செய்வது சரி அல்ல.

படிப்பு கெட்டுப்போகும் என்பது இன்னொரு பயம். தினம் ஒரு மணி நேரம் ஆடினால் படிப்பு கெடாது. ரத்தம் ஓடும். பசி எடுக்கும். இரவில் நல்ல தூக்கம் வரும். மறுநாள் பாடம் மனதில் ஏறும். தேசியப் போட்டி வரைக்கும் போகிற பெண்களுக்கு ரயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்க வழி உண்டு. எல்லோரும் அந்த அளவுக்குப் போக மாட்டார்கள். போகாதவர்களுக்கும் திடமான உடம்பும் தைரியமும் மிச்சம். அதுவும் ஒரு சீதனம்தான்.

இருபது சென்ட் நிலம் போதும்

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1985-ல் ஏற்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம். கடலைப் பார்த்தபடி சுமார் 800 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. அங்கே உடற்கல்விக்கென்று தனித் துறையே உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அதன் வாசலைப் பார்க்காமல் போக முடியாது.

வாசலுக்கு உள்ளே விளையாட்டைப் பற்றிப் படிக்கிறார்கள். வாசலுக்கு வெளியே அந்தச் சிறுமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டுக்கும் நடுவே நடந்துபோகும் தூரம்தான்!

ஹேண்ட்பால் மைதானத்துக்கு 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் போதும் என்று பார்த்தோம். மொத்தம் 800 சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 20 சென்ட். பல்கலைக்கழகத்தின் 800 ஏக்கரில் அது நாலாயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை வாரத்தில் மூன்று மாலை, காலாப்பட்டுச் சிறுமிகளுக்குத் திறந்துவிடலாம். உடற்கல்வி படிக்கும் மாணவிகள் வந்து சொல்லிக்கொடுக்கலாம். அவர்களுக்கும் பாடம் நடத்திய அனுபவம் கிடைக்கும். சிறுமிகளுக்கு ஓர் அக்காள் கிடைப்பாள். சொல்லிக்கொடுப்பது பெண் என்றால் தாய்மார்களின் பயம் பாதி தீரும். ஐந்தரை மணிக்கு ஆட்டத்தை முடித்து, எல்லோரையும் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினால் மீதிப் பயமும் தீரும்.

அது நடக்கும் வரையில் கடற்கரை இருக்கவே இருக்கிறது. மணலில் ஆடும் ஹேண்ட்பால் என்றே தனியாக ஒரு பிரிவு உண்டு. பக்கத்துக்கு நாலு பேர். 27 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். 2004 முதல் அதற்கு உலகப் போட்டி நடக்கிறது. மணலில் ஓடினால் கால் வலுக்கும். விழுந்தால் அடிபடாது. கோல் கம்பத்துக்கு மூங்கில் கழி போதும். வலைக்குக் காலாப்பட்டில் பஞ்சமா? கிழிந்துபோன மீன் வலை ஒன்று இருந்தால் ஆயிற்று!

பந்து வீசக் கை வேண்டும். அந்தக் கை இந்தக் குப்பத்துப் பெண்களுக்குப் பரம்பரையாக வந்தது. மீன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்து விற்கப்போன பாட்டிகளின் பேத்திகள் அவர்கள். தோளில் வலு இருக்கிறது. காலில் மணல் பழக்கம் இருக்கிறது. இல்லாதது பந்து ஒன்றுதான்.

என்ன செய்யவேண்டும்?

சர்க்கார் செய்யவேண்டியது சில உண்டு. பெண்கள் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் வேண்டும். உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் வேண்டும். ஆடும் பிள்ளைகளுக்கு முட்டையோ சுண்டலோ கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் ஓட முடியாது.

பள்ளிக்கூடம் செய்யவேண்டியது ஒன்று. விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கக் கூடாது. வாங்கிய கடனை எந்தப் பள்ளிக்கூடமும் திருப்பிக் கொடுத்ததில்லை!

பெற்றோர் செய்யவேண்டியதும் ஒன்றுதான். பெண் வயதுக்கு வந்த பிறகு, சடங்கு முடிந்து, மறுபடியும் பள்ளிக்கூடம் போகிற அன்று, அவளுடைய புத்தகப் பையோடு விளையாட்டுச் சட்டையையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். "போய் ஆடிவிட்டு வா" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை எந்தச் சீர் வரிசையை விடவும் பெரியது.

ஜப்பானுடன் ஆடிய 28 கோல் வித்தியாசம் ஒரே நாளில் அடையாது. ஆனால் ஹாங்காங்குடன் சமநிலை வெற்றியானதைப் பார்த்தோம். ஒரு மலைக் கிராமத்து நாற்றங்கால் இந்தியாவுக்கு வீராங்கனைகளைக் கொடுத்ததையும் பார்த்தோம். மலைக் கிராமம் செய்ததைக் கடற்கரைக் கிராமம் செய்யாதா?

காலாப்பட்டில் நாளைக்கும் மாலை வரும். பையன்கள் ஆடுவார்கள். பந்து உருண்டு அந்தச் சிறுமியின் காலடிக்கு வரும். அவள் குறி பார்த்து வீசுவாள்.

அப்போது யாராவது ஒருவர் அவள் இடுப்பிலிருந்து தம்பியை வாங்கிக்கொள்ள வேண்டும். "நீயும் போய் ஆடு அம்மா" என்று சொல்ல வேண்டும்.